தலையில மாட்டுற ஈஈஜி பேண்டு நம்பலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பதினஞ்சு வருஷமா ஆஸ்பத்திரில ஈஈஜி, அதாவது மூளையோட மின்சார அலையைப் பதிவு பண்ணுற டெஸ்ட், எடுக்குற வேலை பாக்குறேன். தினம் ஆறேழு பேர் தலையை டேப் வெச்சு அளந்து, பென்சில்ல புள்ளி வெச்சு, தோலைத் தேய்ச்சு, பேஸ்ட் தடவி ஒயர் ஒட்டுறது தான் என் பொழப்பு. முன்னாடியெல்லாம் வர்றவங்க "வலிக்குமா"ன்னு மட்டும் தான் கேப்பாங்க. இப்ப ஆன்லைன்ல வாங்குன ஒரு பட்டையை பைலேர்ந்து எடுத்து மேசை மேல வெச்சு, இதுவும் மூளையைத் தானே பாக்குது, அப்புறம் எதுக்கு இங்க வந்து தலையெல்லாம் பசை ஆக்கிக்கணும்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி தான், ஆனா அடுத்த பேஷன்ட் வெளிய காத்திருக்கும்போது அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியல. அதனால வழக்கமா வர்ற கேள்வியெல்லாம் சேர்த்து இங்க எழுதுறேன்.

இதை மாட்டுனா தலைக்குள்ள கரண்ட் போகுமா? ஷாக் அடிக்குமா?

போகாது. இது கேக்குற கருவி, குடுக்குற கருவி இல்ல. டாக்டர் நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வெச்சா அவரு சத்தத்தை கேக்குறாரே ஒழிய உள்ள எதையும் அனுப்புறது இல்லல்ல, அதே மாதிரி தான். மூளை செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்போது உண்டாகுற மின்சாரத்துல துளியூண்டு தலைத்தோல் வரைக்கும் கசியுது, அதைத் தான் பிடிக்குறோம். ஆனா ஒண்ணு கவனிங்க, கரண்ட் குடுக்குற பேண்டுகளும் மார்க்கெட்ல தனியா இருக்கு, பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். பெட்டி மேல ஸ்டிமுலேஷன்னு போட்டிருந்தா அது வேற ரகம், டாக்டரை கேக்காம தலையில வெக்காதீங்க.

துளியூண்டுன்னா எவ்ளோ?

டிவி ரிமோட்ல போடுற பேட்டரி 1.5 வோல்ட். அதை முப்பதாயிரம் பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு தான் தலை மேல வர்ற சிக்னல், கிட்டத்தட்ட 50 மைக்ரோவோல்ட். சாதாரணமா 10லேர்ந்து 100 மைக்ரோவோல்ட்டுக்குள்ள இருக்கும். ஈசிஜில இதயத்தோட சிக்னல் 1 மில்லிவோல்ட் அளவுக்கு வரும், அதாவது இதைவிட பத்திருபது மடங்கு பெருசு. கைக்கடிகாரம் கூட ஈசிஜி எடுக்குதே, மூளைக்கு மட்டும் ஏன் இவ்ளோ பாடுன்னு கேக்குறவங்களுக்கு பதில் இந்த கணக்குல தான் இருக்கு.

இதுல இன்னொரு விஷயம். ஒரு செல்லு ரெண்டு செல்லு பேசினா வெளிய தெரியாது. மூளையோட மேல்பட்டையில 6லேர்ந்து 10 சதுர சென்டிமீட்டர் இடத்துல இருக்குற செல்லுங்க ஒரே தாளத்துல ஆடினா தான் மண்டையோட்டைத் தாண்டி நம்ம ஒயருக்கு வந்து சேரும். அப்படி வர்றப்ப கண் சிமிட்டுறது, பல்லைக் கடிக்கிறது, கழுத்தைத் திருப்புறது, சுவத்துல ஓடுற 50 ஹெர்ட்ஸ் வீட்டு கரண்ட், மே மாச வெயில்ல நெத்தி வியர்க்குறது எல்லாமே சேர்ந்து வரும். ஒரு கண் சிமிட்டல் மட்டுமே 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல போகும். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் வாசிக்கும்போது மூணாவது வரிசையில ஒருத்தர் காதோடு காதா பேசுறதை ரெக்கார்டு பண்ணுறது எவ்ளோ கஷ்டமோ அவ்ளோ கஷ்டம்.

இந்த வேலையை யாரு ஆரம்பிச்சது?

இங்கிலாந்துல லிவர்பூல்ல ரிச்சர்டு கேட்டன்னு ஒரு டாக்டர் 1875ல முயல், குரங்கு மூளையில மின்சாரம் இருக்குன்னு காட்டினார். மனுஷன் தலையிலேர்ந்து முதல்ல எடுத்தது ஜெர்மனியில யேனா ஊர்ல இருந்த ஹான்ஸ் பெர்கர், மனநல டாக்டர். 1924ல எடுத்தார், ஆனா தான் பாக்குறது நெஜமா மூளை தானா, இல்ல ரத்த ஓட்டமோ தோலோ காட்டுற வேஷமான்னு அவருக்கே சந்தேகம், திரும்பத் திரும்ப சரிபார்த்து அஞ்சு வருஷம் கழிச்சு 1929ல தான் வெளிய சொன்னார். அவரு மகன் தலையிலயும் எடுத்துப் பாத்தார். அப்பவும் பலபேர் நம்பல. 1934ல கேம்பிரிட்ஜ்ல அட்ரியனும் மேத்யூஸும் அதையே செஞ்சு காட்டுன பிறகு தான் உலகம் ஒத்துக்கிச்சு, அட்ரியன் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நோபல் வாங்குனவர்.

இதை ஏன் இவ்ளோ இழுத்து சொல்றேன்னா, பெர்கருக்கு வந்த அந்த சந்தேகம் தான் இந்த துறையோட உயிர். நான் பாக்குறது மூளையா வேற ஏதாச்சுமா? நூறு வருஷம் ஆகியும் ஒவ்வொரு பேண்டு வரும்போதும் கேக்க வேண்டிய முதல் கேள்வி அதே தான்.

படுக்கப்போட்டு எடுத்தது எப்படி மாட்டிட்டு நடக்குற அளவுக்கு வந்துச்சு?

ஹோல்டர் மானிட்டர்னு இதயத்துக்கு ஒருநாள் பூரா மாட்டிவிடுவாங்களே, அந்த நார்மன் ஹோல்டர் 1940கள்ல அமெரிக்காவுல முதல்ல முயற்சி பண்ணது மூளை சிக்னலை ரேடியோவுல அனுப்புறது தான், அப்புறம் தான் இதயத்துக்கு போனார். 1958ல ஹெர்பர்ட் ஜாஸ்பர் 10-20 முறைன்னு ஒண்ணு எழுதி வெச்சார்: மூக்கு மேட்டுலேர்ந்து பின்மண்டை மேடு வரைக்கும் அளந்து 10 சதவீதம், 20 சதவீதம்னு பிரிச்சு எலெக்ட்ரோடு, அதாவது ஒயர் நுனியில தோலைத் தொடுற உலோக வில்லை, வெக்கிறது, இன்னைக்கும் நான் டேப்பும் பென்சிலும் வெச்சு செய்றது அதே தான். குழந்தை தலையோ பெரியவர் தலையோ, விகிதம் ஒண்ணா இருக்குறதால ஒரு ஊர்ல எடுத்ததை இன்னொரு ஊர் டாக்டர் படிக்க முடியுது. 1970கள்ல இடுப்புல கட்டிக்குற கேசட் ரெக்கார்டர் வந்துச்சு, நாலு சேனல், அதாவது ஒரே சமயத்துல நாலு அலை, 24 மணி நேரம் ஓடும். வீட்டுலயே மாட்டிட்டு இருக்கலாம்னு ஆனது அப்போலேர்ந்து தான்.

கடையில விக்கிற பொருளா ஆனது 2009 வாக்குல. நியூரோஸ்கைன்னு ஒரு கலிஃபோர்னியா கம்பெனி நெத்தியில ஒரு சென்சார், காதுல ஒரு கிளிப், அவ்ளோ தான்னு ஒரு சிப் பண்ணுச்சு, மேட்டல் பொம்மை கம்பெனி அந்த சிப்பை வெச்சு மைண்ட்ஃப்ளெக்ஸ்னு பந்து பறக்குற விளையாட்டு சாமான் விட்டாங்க. அதே வருஷம் இமோட்டிவ் ஈபாக் வந்துச்சு, 14 சென்சார், உப்புத்தண்ணியில நனைச்ச பஞ்சு. 2014ல கனடா டொராண்டோவுலேர்ந்து மியூஸ், நெத்தியில ரெண்டு, காதுக்குப் பின்னாடி ரெண்டு. அதே சமயம் நியூயார்க்ல ஓபன்பிசிஐன்னு ரெண்டு பேர் மக்கள்கிட்ட பணம் திரட்டி சர்க்யூட் டிசைன் முதற்கொண்டு எல்லாத்தையும் திறந்து போட்டு ஒரு போர்டு பண்ணாங்க, அதுல இருக்குறது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட ஏடிஎஸ்1299ங்குற சிப், எட்டு சேனல், 24 பிட். பயோமெடிக்கல் படிக்கிற பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி ஒரு கருவி வந்ததுல எனக்கு உண்மையாவே சந்தோஷம்.

பசை இல்லாம எப்படி வேலை செய்யுது?

கஷ்டப்பட்டு தான் வேலை செய்யுது. பசையோட வேலை என்னன்னா, தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை உப்புச்சத்தால நிரப்பி தடையைக் குறைக்கிறது. தோலை நல்லா தேய்ச்சு பேஸ்ட் போட்டு ஒட்டினா 5 கிலோ ஓமுக்குக் கீழ கொண்டு வருவோம், 10 வரைக்கும் பரவால்லன்னு விடுவோம். காஞ்ச எலெக்ட்ரோடுல அது நூத்துக்கணக்கான கிலோ ஓம் போகும். இப்ப இருக்குற ஆம்ப்ளிஃபையருங்க நல்லா முன்னேறிட்டதால அவ்ளோ தடை இருந்தும் சிக்னலை எடுத்துடும், ஆனா எலெக்ட்ரோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா போதும், அலை தாறுமாறா ஆடும்.

அப்புறம் முடி. பேண்டு செய்றவங்க நெத்தியையும் காதோரத்தையும் ஏன் பிடிச்சுக்கிட்டாங்கன்னா அங்க முடி இல்ல, அது தான் முக்கியக் காரணம். நம்ம ஊர்ல இன்னொண்ணு, எண்ணெய். அதனால தான் டெஸ்ட்டுக்கு முந்தின நாளே சொல்லி விடுவோம், தலைக்கு குளிச்சிட்டு எண்ணெய் வெக்காம வாங்கன்னு. அப்படியும் பத்துல மூணு பேர் தேங்காய் எண்ணெய் மணக்க மணக்க வருவாங்க, ஸ்பிரிட் போட்டு துடைச்சு துடைச்சு கை ஓஞ்சு போகும். நெத்தியில சந்தனம் விபூதி காஞ்சு இருந்தாலும் அதே கதை, சென்சார் தோலைத் தொடவே தொடாது. வீட்டுல பேண்டு போடுறவங்க இதை எல்லாம் யாரும் சொல்லாம எப்படி தெரிஞ்சுக்குவாங்க? கருவி விக்கிறவன் பெட்டிக்குள்ள வெக்கிற காகிதத்துல எண்ணெயைப் பத்தி ஒரு வரி இருக்குறதை நான் பாத்ததில்ல.

சுருட்டை முடிக்காரங்களுக்கு இன்னும் மோசம். அமெரிக்காவுல கார்னகி மெலன்ல ஆர்னெல் எட்டியென்ங்குற மாணவி தலையைப் பட்டைப் பட்டையா பின்னி அந்தப் பின்னலுக்கு நடுவுல மாட்டுற மாதிரி ஒரு கிளிப் எலெக்ட்ரோடு கண்டுபிடிச்சாங்க, 2020ல வெளிவந்துச்சு. இத்தனை வருஷம் யாருக்கும் அது தோணலையேன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஏன்னா முடி சரியில்லன்னு சொல்லி எத்தனை பேரை ஆராய்ச்சியிலேர்ந்தே ஒதுக்கி வெச்சிருக்காங்க.

சரி, நேரா சொல்லுங்க, நம்பலாமா கூடாதா?

எதுக்குன்னு சொல்லுங்க, அப்புறம் பதில் சொல்றேன். காய்கறிக்கடை தராசுல ரெண்டு விதமா கோளாறு வரும். ஒண்ணு, எப்ப வெச்சாலும் 100 கிராம் கூடவே காட்டும், தப்பு தான் ஆனா ஒரே மாதிரி தப்பு. இன்னொண்ணு, ஒரே கத்தரிக்காயை மூணு தடவை வெச்சா மூணு எடை காட்டும். ரெண்டாவது ரகம் தான் ஆபத்து, ஏன்னா திருத்தவே முடியாது. ஈஈஜி பேண்டுலயும் அதைத் தான் பாக்கணும்: மூளையைத் தான் காட்டுதா, நாளைக்கும் இதே ஆளுக்கு இதையே காட்டுமா.

ஆராய்ச்சி பண்ணவங்க என்ன பாத்தாங்கன்னா, முடிவு கலவையா தான் இருக்கு. ஜெர்மனியில ஓல்டன்பர்க் யுனிவர்சிட்டில ஸ்டெஃபன் டெபெனர் ஆளுங்க 2012ல இமோட்டிவோட எலெக்ட்ரானிக்ஸைப் பிரிச்சு ஒரு நல்ல ஈஈஜி தொப்பியில பொருத்தி, ஆளை வெளிய நடக்கவிட்டு, காதுல சத்தம் குடுத்து பி300ங்குற அலையை எடுத்துக் காட்டினாங்க. எதிர்பாராத ஒண்ணைக் கேட்டா கிட்டத்தட்ட 300 மில்லிசெகண்டு கழிச்சு மூளையில எழும்புற அலை அது. கவனிங்க, பெட்டியிலேர்ந்து எடுத்த அதே மேனிக்கு இல்ல, எலெக்ட்ரோடை மாத்திட்டு தான். 2013ல ஆஸ்திரேலியாவுல பேட்காக் குழு ஈபாக்கையும் ஆராய்ச்சிக்கூட மெஷினையும் ஒரே சமயத்துல போட்டு பெரியவங்ககிட்ட எடுத்துப் பாத்து, சத்தத்துக்கு வர்ற பெரிய அலைகள் ஏறக்குறைய ஒத்துப்போகுதுன்னாங்க. அதே வருஷம் பெல்ஜியத்துல டுவினாஜ் குழு பாத்தப்ப மருத்துவத் தர மெஷினை விட ஈபாக் தெளிவா பின்தங்குச்சு, விளையாட்டு மாதிரி உயிர் போகாத வேலைக்கு வெச்சுக்கலாம்னு எழுதினாங்க. 2017ல கனடாவுல கிரிகோல்சன் குழு மியூஸ்லயே பி300 மாதிரி அலைகள் கிடைக்குதுன்னு காட்டினாங்க, அதே 2017ல ரட்டி குழு ரெண்டு மருத்துவ மெஷின், நியூரோஸ்கையோட மைண்ட்வேவ் பேண்டு, மியூஸ் நாலையும் ஒரே ஆளுங்களுக்கு திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தப்ப மியூஸ்ல தான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் வித்தியாசம் அதிகம், ரெண்டு கடைச்சரக்குலயும் கண் சிமிட்டலும் தசை இழுப்பும் நெத்திப் பக்கம் நிறைய ஏறுதுன்னு சொன்னாங்க.

இது முரண்பாடு மாதிரி தெரியும், ஆனா இல்ல. பி300 எடுக்கும்போது ஒரே சத்தத்தை பல தடவை குடுத்து எல்லாத்தையும் சராசரி பண்ணுவாங்க, குப்பை ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு போயிடும், மூளையோட பதில் மட்டும் மிஞ்சும், அப்புறம் அதையும் பத்து முப்பது பேர்கிட்ட எடுத்து சேர்ப்பாங்க. ஆனா பேண்டோட வர்ற ஃபோன் ஆப் ஒரே ஆளோட சில செகண்டு சிக்னலை வெச்சு இப்ப உன் மூளை இப்படின்னு நம்பர் போடுது. ஒரே கருவி, முதல் வேலைக்கு தாங்கும், ரெண்டாவது வேலைக்கு தாங்காது. விளம்பரத்துல முதல் வேலையோட ஆராய்ச்சியை காட்டிட்டு ரெண்டாவது வேலையை விக்கிறாங்க, இது எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம்.

ஆப்ல ஃபோகஸ் 72ன்னு வருதே, அது என்ன?

எந்த அலை எவ்ளோ இருக்குன்னு கணக்கு போட்டு, கம்பெனி தன்னோட ஃபார்முலாவுல போட்டு எடுக்குற நம்பர். ஃபார்முலா பெரும்பாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. பொதுவா வேகமான பீட்டா அலை கூடினா கவனம், மெதுவான தீட்டா கூடினா தூக்கம்ங்குற மாதிரி ஒரு அடிப்படை இருக்கும். சிக்கல் என்னன்னா பீட்டாவும் தாடை, நெத்தித் தசையோட மின்சாரமும் ஒரே எல்லையில மோதுது, தசையோடது 20 ஹெர்ட்ஸ்லயே ஆரம்பிச்சுடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு நெத்தியைச் சுருக்கினா கவனம் எகிறுற பேண்டை நானே மாட்டிப் பாத்திருக்கேன். மூளை எதையும் செய்யல, தாடை தான் செஞ்சுச்சு.

2019ல சீனாவுல ஜெஜியாங் மாகாணத்துல ஒரு ஆரம்பப் பள்ளியில பிரெய்ன்கோ கம்பெனி பேண்டை பிள்ளைங்க தலையில மாட்டிவிட்டாங்க, கவனமா இருந்தா நெத்தியில சிவப்பு லைட், இல்லன்னா நீலம், ரிப்போர்ட் டீச்சருக்கும் பெத்தவங்களுக்கும் போகும். வீடியோ வெளிய வந்து ஊரே கொந்தளிச்ச பிறகு நிறுத்தினாங்க. மூணு எலெக்ட்ரோடை வெச்சுக்கிட்டு ஒரு பத்து வயசுப் பிள்ளையை நீ கவனிக்கலன்னு திட்டுறது எவ்ளோ பெரிய அநியாயம்னு அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் நெனைப்பேன்.

அலை வருதுங்குறதாலயே அது மூளைன்னு ஆயிடாது. 1970கள்ல கனடாவுல ஹாமில்டன் ஊர்ல ஏட்ரியன் அப்டன்ங்குற நரம்பியல் டாக்டர் ஐசியூல ஒரு ஜெல்லியை வெச்சு, ஆமா சாப்பிடுற பச்சை ஜெல்லி தான், அதுல எலெக்ட்ரோடு குத்தி ஈஈஜி எடுத்தார். உயிரிருக்குற மூளை மாதிரியே அலை வந்துச்சு. சுத்தி ஓடுற மெஷின், நடமாடுற ஆளுங்க எல்லாம் சேர்ந்து உண்டாக்குன அலை அது. மூளைச்சாவு அறிவிக்கும்போது எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கணும்னு காட்டத் தான் அதைச் செஞ்சார்.

தூக்கத்தை பாக்குறதுக்கு ஆகுமா?

இந்த ஒரு வேலைக்கு தான் நான் கொஞ்சம் தைரியமா ஆமான்னு சொல்லுவேன். தூங்குற ஆளு அசைய மாட்டார், கண் சிமிட்ட மாட்டார், ஆழ்ந்த தூக்கத்தோட அலை பெருசா மெதுவா வரும், நெத்தியிலயே நல்லா தெரியும். முதல்ல ஜியோன்னு ஒரு பேண்டு 2009ல அமெரிக்காவுல வந்துச்சு, பேரு வாங்குச்சு, ஆனா 2013ல கம்பெனி மூடிடுச்சு. அப்புறம் ஃபிரான்ஸ்ல ட்ரீம்ங்குற பேண்டு. 2020ல அதை 25 பேருக்கு போட்டு, பக்கத்துலயே முழு ஆஸ்பத்திரி தூக்க டெஸ்ட்டும் எடுத்து, அஞ்சு நிபுணருங்ககிட்ட குடுத்து ஒப்பிட்டாங்க. பேண்டு தானா போட்ட கணக்கு நிபுணருங்களோட பொது முடிவோட 83.5 சதவீதம் ஒத்துப்போச்சு, நிபுணருங்களே சராசரியா 86.4 தான். அதாவது மனுஷங்களே ஒருத்தருக்கொருத்தர் முழுசா ஒத்துப்போறது இல்ல, அதுக்குப் பக்கத்துல மெஷின் வந்துடுச்சு. 2023ல அமெரிக்க எஃப்டிஏ, அதாவது மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு, அதோட புது மாடலுக்கு அனுமதி குடுத்துச்சு.

ஆனா குறட்டை, தூக்கத்துல மூச்சு நிக்கிறது இருந்தா நெத்தி பேண்டு மட்டும் போதாது, மூச்சும் ஆக்சிஜனும் அளக்கணும். கைக்கடிகாரம் ஆழ்ந்த தூக்கம் இத்தனை மணி நேரம்னு காட்டுறது மூளையைப் பாத்து இல்ல, நாடித்துடிப்பையும் அசைவையும் வெச்சு ஊகிக்கிறது. ரெண்டையும் ஒண்ணா நெனைக்காதீங்க.

எங்க வீட்டுல ஒருத்தருக்கு ஃபிட்ஸ் இருக்கு. பேண்டு வாங்கலாமா?

இதை கொஞ்சம் நிதானமா படிங்க. இந்தியாவுல வலிப்பு இருக்குறவங்க ஒரு கோடிக்கு மேல, இப்பவும் கையில சாவியைக் குடுக்குறதும் மறைச்சு வெச்சு கல்யாணம் பண்ணுறதும் நடக்குது, அதனால வீட்டுலயே ரகசியமா பாத்துக்கலாமேன்னு ஒரு பேண்டு கிடைச்சா ஆசை வர்றது இயல்பு தான்.

ஆஸ்பத்திரில 20லேர்ந்து 30 நிமிஷம் எடுக்குற சாதாரண ஈஈஜியே, வலிப்பு இருக்குறவங்கள்ல பாதிப்பேருக்கு முதல் தடவை எதையும் காட்டாது. அதனால தான் தூங்காம வரச்சொல்லி, திரும்ப எடுத்து, தேவைப்பட்டா நாள் கணக்குல வீடியோவோட எடுக்குறோம். அதுவும் 21 எலெக்ட்ரோடு வெச்சு. நாலு சென்சார் பேண்டு முன்வாசல்ல நின்னுக்கிட்டு கொல்லைப்புறத்துல என்ன நடக்குதுன்னு கேக்குற மாதிரி. அதுல ஒண்ணும் வரலன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அப்பா தன் எட்டு வயசு பொண்ணைக் கூட்டிட்டு வந்தார். ஸ்கூல்ல கவனிக்க மாட்டேங்குறா, பகல் கனவுன்னு டீச்சர் சொல்றாங்க, ஆன்லைன்ல பேண்டு வாங்கி ஆறு மாசம் பயிற்சி குடுத்தேன், ஸ்கோர் ஏறவே இல்லன்னு ஆப்போட கிராஃபை பிரின்ட் எடுத்து கொண்டு வந்திருந்தார், கம்பெனி பேரு வேணாம். ஒயர் ஒட்டி, மூணு நிமிஷம் வேகமா மூச்சு இழுத்து விடும்மான்னேன். ரெண்டாவது நிமிஷத்துல அந்த வேக மூச்சு இழுக்குறது நின்னுச்சு, கண்ணு ஒரே இடத்துல, திரையில எல்லா சேனல்லயும் செகண்டுக்கு மூணு தடவை கூரான முனையும் மேடுமா அலை, பத்து செகண்டு. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்ப வேகமா மூச்சு விட ஆரம்பிச்சா. ஆப்சென்ஸ் சீஷர், அதாவது உடம்பு உதறாம சில செகண்டு நினைவு மட்டும் தப்புற வலிப்பு, பாடப்புத்தகத்துல இருக்குற மாதிரி. அந்த பத்து செகண்டைத் தான் ஆறு மாசமா அந்த ஆப் கவனக்குறைவுன்னு கணக்கு போட்டுக்கிட்டு இருந்திருக்கு, அவரும் அவளைத் திட்டிக்கிட்டு இருந்திருக்காரு. அந்த அப்பா அங்கயே உக்காந்து அழுதார். டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சாரு, இப்ப அவ நல்லா இருக்கா.

வலிப்புக்குன்னே செய்ற கருவிங்களும் இருக்கு, அதையும் சொல்லணும். அமெரிக்காவுல எபிடெல்ங்குற கம்பெனியோட சின்னச்சின்ன ஒட்டுற சென்சாருக்கு 2021ல எஃப்டிஏ அனுமதி கிடைச்சுச்சு, முடி இல்லாத இடத்துல நாலு ஒட்டுறது, டாக்டர் படிக்கிறதுக்கு. டென்மார்க்ல யூனீக்ங்குற கம்பெனி காதுக்குப் பின்னாடி தோலுக்கு அடியில ஒரு மெல்லிய கம்பியை வெச்சு மாசக்கணக்குல எடுக்குது, ஐரோப்பாவுல 2019ல அனுமதி. மணிக்கட்டுல கட்டுற எம்பாட்டிகா எம்ப்ரேஸ் மாதிரி வாட்சுங்க உடம்பு உதறுற பெரிய வலிப்பை அசைவையும் தோலையும் வெச்சு கண்டுபிடிச்சு வீட்டாளுக்கு சொல்லும், மூளையைப் பாக்குறது இல்ல, அந்த சிறுமிக்கு வந்த மாதிரி அமைதியான வலிப்பை பிடிக்காது. இப்போதைக்கு உங்ககிட்ட இருக்குறதுலயே சிறந்த கருவி செல்ஃபோன் கேமரா. வலிப்பு வந்தா ஒருக்களிச்சு படுக்க வெச்சு, வாயில எதையும் திணிக்காம, நேரத்தைப் பாத்துக்கிட்டு, முடிஞ்சா வீடியோ எடுங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா உடனே ஆஸ்பத்திரி.

இயர்போன் மாதிரி காதுலயே ஈஈஜி வருதாமே?

வருது. டென்மார்க் ஆர்ஹூஸ்ல கிட்மோஸும் லண்டன் இம்பீரியல்ல மான்டிச்சும் காதுக்குள்ள வெக்கிற மாதிரி செஞ்சாங்க, டெபெனர் குழு 2015ல காதைச் சுத்தி ஒட்டுற சி வடிவ பட்டை ஒண்ணு, பத்து எலெக்ட்ரோடு. காது ஓரம் ஆடாது, முடி கிடையாது, வெளிய தெரியாது. எலெக்ட்ரோடுங்க கிட்டக்கிட்ட இருக்குறதால சிக்னல் இன்னும் சின்னதா வரும், காதுக்குப் பக்கத்துல நடக்குறது தான் நல்லா தெரியும். நாள் பூரா மாட்டிக்கிட்டு இருக்கணும்னா இது தான் வழின்னு எனக்குத் தோணுது.

ஈஈஜி இல்லாம வேற வழில மாட்டுற கருவி இருக்கா?

இருக்கு. மூளையோட காந்தப்புலத்தை அளக்குற எம்ஈஜி முன்னாடி திரவ ஹீலியத்துல, அதாவது மைனஸ் 269 டிகிரியில வேலை செய்ற பெரிய மெஷின், தலையை ஆட்டவே கூடாது. 2018ல நாட்டிங்காம், லண்டன் ஆளுங்க ரூபிடியம் ஆவியை வெச்சு வேலை செய்ற சின்ன சென்சாருங்களை ஹெல்மெட்ல பொருத்தி, ஆளு தலையாட்டிக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டு, பந்து தட்டிக்கிட்டே எடுத்துக் காட்டினாங்க. ஆனா காந்தத் தடுப்பு போட்ட ரூமுக்குள்ள தான். இன்னொண்ணு, சிவப்புக்கு அடுத்த ஒளியை மண்டைக்குள்ள அனுப்பி ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறதைப் பாக்குறது, அது சில செகண்டு தாமதமா தான் தெரியும். எலான் மஸ்க் கம்பெனியோட நியூராலிங்க் இந்தக் கணக்குலயே வராது, அது மண்டையைத் துளைச்சு உள்ள வெக்கிறது.

பேண்டை மாட்டி பொய் சொல்றதை கண்டுபிடிக்கலாமா?

முடியாது. 2008ல புனேல ஒரு கொலை வழக்குல மூளை அலை டெஸ்ட்டையும் சாட்சியா எடுத்துக்கிட்டு தண்டனை குடுத்தாங்க, உலகம் பூரா விஞ்ஞானிங்க கேள்வி கேட்டாங்க. 2010 மே 5ல செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஒருத்தரோட சம்மதம் இல்லாம நார்கோ, பாலிகிராஃப், மூளை அலை டெஸ்ட் எதையும் செய்யக்கூடாதுன்னு.

என் மூளை டேட்டா எங்க போகுது?

பெரும்பாலும் கம்பெனியோட சர்வருக்கு. சிலி நாடு 2021ல மூளை டேட்டாவுக்கு அரசியல் சட்டத்துலயே பாதுகாப்பு எழுதினாங்க. அங்க கிடோ ஜிரார்டிங்குற முன்னாள் செனட்டர் இமோட்டிவ் இன்சைட் பேண்டை வாங்கி, என் டேட்டாவை நானே முழுசா எடுக்க முடியல, கம்பெனி மட்டும் வெச்சிருக்குன்னு வழக்கு போட்டு, 2023 ஆகஸ்ட்ல அவங்க சுப்ரீம் கோர்ட் அழிக்கச் சொல்லி தீர்ப்பு குடுத்துச்சு. 2024ல அமெரிக்காவுல கொலராடோவும் கலிஃபோர்னியாவும் சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம 2023 டேட்டா பாதுகாப்பு சட்டம் மூளை டேட்டான்னு தனியா பேரு சொல்லல. ஆபீஸ்லயோ ஸ்கூல்லயோ மாட்டச் சொன்னா, யாரு பாப்பாங்க, எத்தனை நாள் வெச்சிருப்பாங்க, வேணாம்னா என்ன ஆகும்னு எழுத்துல கேளுங்க.

வாங்கிட்டேன். நல்லா வேலை செய்யுதான்னு வீட்டுலயே பாக்க முடியுமா?

முடியும். முதல்ல ஆப்ல கச்சா சிக்னலை, அதாவது ஸ்கோரா மாத்தாத அலையை அப்படியே, காட்டுற வசதி இருக்கான்னு பாருங்க, ஸ்கோர் மட்டும் தான் வரும்னா செக் பண்ண வழியே இல்ல, திருப்பி குடுத்துடுங்க. தலைக்கு குளிச்சு, நெத்தியைத் துடைச்சு, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு உக்காருங்க. ஒரு நிமிஷம் கண்ணைத் தொறந்து, ஒரு நிமிஷம் மூடி, இப்படி மாத்தி மாத்தி அஞ்சு தடவை. மூடுனப்ப 8லேர்ந்து 13 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு மேடு எழும்பி தொறந்ததும் அமுங்கணும், அது தான் பெர்கர் பாத்த ஆல்ஃபா. பின்மண்டையில தான் பெருசா இருக்கும், காதுக்குப் பின்னாடி சென்சார்லயும் ஓரளவு தெரியும், நெத்தியில மட்டும் சென்சார் இருந்தா மங்கலா இருக்கும். சிலருக்கு இயல்பாவே ஆல்ஃபா கம்மி, அதனால வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு போட்டுப் பாருங்க. அடுத்து பல்லைக் கடிங்க, அலை எப்படி கறுப்பா அடர்ந்து போகுதுன்னு கண்ணுல பதிய வெச்சுக்கோங்க, அது தசை. அதே டெஸ்ட்டை நாளைக்கும் ஒரு வாரம் கழிச்சும் செஞ்சு நம்பர் எவ்ளோ மாறுதுன்னு எழுதி வெச்சுக்கோங்க.

கடைசியா ஒரு பரங்கிக்காய் எடுத்து, உப்புத்தண்ணியில நனைச்ச துணியைச் சுத்தி, அது மேல பேண்டை மாட்டி பத்து நிமிஷம் ஓடவிடுங்க. அதுக்கு வர்ற ஃபோகஸ் ஸ்கோரை உங்க ஸ்கோருக்குப் பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட காட்டணும்னா ஸ்கிரீன்ஷாட் உதவாது, கச்சா ஃபைலை பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு, எந்த நேரம் என்ன செஞ்சீங்கன்னு ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டு வாங்க, எண்ணெய் வெக்காம.